அஞ்சாளையும் செம்பு அண்டாவும்

கடல் மீன் தொட்டி வைக்க ஆசைப்படும் இளைஞர்கள் இப்போதும் என்னைத் தேடி வருகிறார்கள். “வீட்ல வளர்க்க எந்த விலாங்கு சார் நல்லது?” என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அந்த அரை நிமிடப் பதிலைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது. அந்த வருடத்தில் ஒரு நல்ல மனிதனின் பெயரையும் கெடுத்தேன். அதையும் சேர்த்துச் சொல்லாமல் விலாங்கைப் பற்றி மட்டும் சொன்னால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

1. இன்ஜினியர் சாரின் ஆர்டர்

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. சாமி படத்துக்கு ஃப்ரேம் போடுவது, பீரோவுக்கு நிலைக்கண்ணாடி வெட்டுவது, இவற்றோடு மீன் தொட்டியும் செய்வோம். ஆங்கிள் அயர்ன் ஃப்ரேம், உள்ளே கண்ணாடி, சந்தில் தண்ணீர் ஒழுகாமல் புட்டிப் பசை. தொட்டி வேலை முழுக்க என் பொறுப்பு. ஊரில் கோல்டு ஃபிஷ் செத்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் இருந்தது.

ஒரு நாள் தணிகாசலம் என்பவர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பட்டு ஜவுளிக் குடும்பம். இவர் மட்டும் கடைக்கு வராமல் கப்பலில் இன்ஜினியராகப் போனவர். முப்பது வருட வேலை முடிந்து திரும்பிய புதிதில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சாய்வு நாற்காலியும் கைத்தடியுமாக முன் ஹாலில் உட்கார்ந்திருந்தார். கல்யாணம் ஆகாதவர். அக்கா சௌந்தரம் அம்மாதான் பார்த்துக்கொண்டார்.

“கடல் தண்ணி ஊத்தி ஒரு தொட்டி வேணும்பா. அதுல ஒரு விலாங்கு வேணும்” என்றார்.

“பாலாத்துல ஆரால் கிடைக்கும் சார், அதுவும் விலாங்கு மாதிரிதான் இருக்கும். நல்ல தண்ணிலயே வளர்க்கலாம்.”

“ஆரால் வேணாம். முப்பது வருஷம் கடல்ல இருந்தேன் முருகேசா. என்ன பார்த்தேன் சொல்லு? இன்ஜின் ரூமைப் பார்த்தேன். எனக்கு அடியில என்னென்னவோ நீந்திட்டு இருந்திருக்கு, ஒண்ணைக்கூட நின்னு பார்த்ததில்ல. இப்போ எழுந்து போகவும் முடியாது. அது இங்க வரட்டும்.”

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலாளி மட்டும் கேட்டார்: “உப்புத் தண்ணில இரும்பு நிக்குமாடா?” நிற்காது. அதனால் தேக்கு ஃப்ரேம் போட்டு, புட்டியின் மேல் படகுக்குப் பூசும் கீல் பூசி, நாலடி நீளத்தில் ஒரு தொட்டி செய்தேன். ஏர் பம்ப் மெட்ராஸிலிருந்து வந்தது. சாயப்பட்டறையில் வேலை செய்த என் மச்சான் காலி ஆசிட் ஜாடிகளைக் கொடுத்தான். எல்லாம் கண்ணாடி ஜாடிகள். அவற்றை நன்றாகக் கழுவி, மகாபலிபுரத்திலிருந்து லாரியில் கடல் தண்ணீர் கொண்டு வந்து நிரப்பினேன். இன்ஜினியர் சாரிடம் கப்பலில் பயன்படுத்திய உப்பு மீட்டர் ஒன்று இருந்தது. அதை மிதக்கவிட்டுப் பார்த்து, “கடலேதான்” என்றார்.

2. பெரியதாக எடுத்த தப்பு

மகாபலிபுரத்துக் குப்பத்தில் எல்லப்பன் என்று ஒருவர். என்னைவிட நாலைந்து வயது சிறியவர். பாறை இடுக்குகளில் கூண்டு வைத்து நண்டு பிடிப்பார். கூண்டில் அஞ்சாளையும் சிக்கும். பாம்பு போல் நீண்டு, பாறைப் பொந்தில் இருந்துகொண்டு தலையை மட்டும் நீட்டும் கடல் விலாங்குக்கு அந்தப் பக்கம் அஞ்சாளை என்றுதான் பெயர்.

பானைகளில் மூன்று வைத்திருந்தார். நான் கை தடிமன் இருந்த புள்ளி போட்ட பெரியதைக் காட்டினேன்.

“அது வேணாம்ணா” என்றார் எல்லப்பன். “வாயப் பாரு, உள்ள ஊசி ஊசியா பல்லு. அது மீன் துன்ற ஜாதி. கூட எத வுட்டாலும் முழுங்கிடும். இன்னும் வளரும் வேற. இந்தா, இந்தச் சின்னத எடுத்துக்கோ. மூக்கு குட்டையா இருக்குது பாரு. பல்லு மொக்க. இது நண்டு, எறா மட்டுந்தான் துன்னும். மீன் பக்கம் போவாது.”

சின்னது ஒன்றரை முழம் இருக்கும். வெள்ளை வேட்டியில் மை தெறித்த மாதிரி உடம்பு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு பெரிய தொட்டி செய்துவிட்டு ஒன்றரை முழ மீனைக் கொண்டுபோய் விட எனக்கு மனம் வரவில்லை. பெரியதையே எடுத்துக்கொண்டு வந்தேன்.

முதல் இரண்டு நாளில் அது, துணைக்கு நான் தொட்டியில் விட்டிருந்த குட்டிக் கடல் மீன்களில் பாதியைத் தின்றது. மீதியைக் கடித்துப் போட்டது. தண்ணீர் நாறியது. மூன்றாம் நாள் காலை மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சௌந்தரம் அம்மா பூஜை அறையில் விளக்கேற்றப் போனவர், விளக்குப் பலகைக்கு அடியில் அதைப் பார்த்திருக்கிறார். அவர் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. நான் போய் ஈரச் சாக்கைப் போட்டுப் பிடித்தபோது என் கட்டை விரலைக் கவ்வியது. தழும்பு இன்னும் இருக்கிறது.

“சுத்த சைவக் குடும்பம்பா இது. தீனிக்கு நண்டைக் கொல்லை வழியா கொண்டு வாங்கன்னு அதுக்கே மனசைக் கல்லாக்கிக்கிட்டு ஒத்துக்கிட்டேன். இது பூஜை ரூமுக்கே வருது!” என்றார் சௌந்தரம் அம்மா.

நாற்காலியில் இருந்த இன்ஜினியர் சார் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. “சாமியையும் அக்காவையும் கும்பிட்டுட்டுப் போகலாம்னு வந்திருக்கு” என்றார்.

அதே நாள் பஸ் ஏறி அந்தப் பூதத்தைக் கொண்டுபோய்க் கடலில் விட்டேன். எல்லப்பன் “நான் சொன்னேனே” என்றுகூடச் சொல்லவில்லை. என் விரலுக்கு மஞ்சள் அரைத்துக் கட்டினார்.

அன்றைக்குத்தான் அவரிடம் இன்னொரு விஷயம் பேசினேன். எங்கள் கடையில் ஒரு கல்லூரிக்கு விலங்கியல் கண்ணாடி ஜாடிகள் செய்து கொடுப்போம். அங்கிருந்த புரொபசர், நட்சத்திர மீன், நண்டு, சங்கு எல்லாம் வருடம் முழுக்க ஒழுங்காகக் கொண்டுவந்து தர நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று கேட்டிருந்தார். உங்கள் பெயரைச் சொல்கிறேன் என்றேன்.

எல்லப்பன் முகம் மாறிவிட்டது. “நெசமாவாணா? மழ மாசத்துல கட்டுமரம் எறக்க முடியாது. மூணு மாசம் கடன் வாங்கித்தான் துன்னுக்கினு கீறோம். இந்த வேல கெடச்சா என் ஊட்டு அடுப்பு எரியும்ணா” என்றார்.

3. பச்சைத் தண்ணீர்

தொட்டியை முழுக்கக் காலி செய்து கழுவினேன். புதுத் தண்ணீர் வேண்டும். இந்த முறை ஆசிட் ஜாடிகள் கிடைக்கவில்லை. அன்றே திருப்பித் தர வேண்டிய இரவல் மரப் பீப்பாய்களில் தண்ணீரை ஏற்றி வந்தேன். கடல் தண்ணீரைப் பத்து நாள் இருட்டில் அசையாமல் வைத்தால் மண்டி அடியில் தங்கும், மேல் தண்ணீர் தெளியும். அவ்வளவு தண்ணீரை எதில் வைப்பது?

மச்சான் வழி சொன்னான். பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் காய்ச்சும் பெரிய செம்பு அண்டாக்கள் இரண்டு சும்மா கிடக்கின்றன என்றான். காஞ்சிபுரத்தில் அதைவிடப் பெரிய பாத்திரம் கோயில் மடப்பள்ளியில்தான் இருக்கும். எனக்கு ஒரே கவலை, சாயம் ஒட்டியிருக்குமே என்பதுதான். அதனால் புளியும் சாம்பலும் போட்டு, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தேய்த்தேன். அண்டாவின் உள்பக்கம் புதுக் காசு மாதிரி மின்னியது. என் முகம் தெரிந்தது. பெருமையாக இருந்தது.

பத்து நாள் கழித்துத் திறந்தால் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. லேசான பச்சை மட்டும். கடல் தண்ணீர் பச்சையாகத்தானே இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சௌந்தரம் அம்மா கொடுத்த பழைய வெள்ளை வேட்டியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றினேன். மீட்டர் சரியாகக் காட்டியது. அது உப்பைத்தானே காட்டும்!

இந்த முறை எல்லப்பன் சொன்ன சின்ன ஜாதியையே எடுத்தேன். அவர் அதை ஒரு வாரம் தன் பானையில் வைத்திருந்து, தினமும் நண்டுத் துண்டைக் குச்சியில் குத்திக் கொடுத்து, என் கண் முன்னாலேயே சாப்பிட வைத்துக் காட்டினார். “துன்னாதத வாங்காதணா. அழகா இருந்தாலும் வாங்காத” என்றார்.

தொட்டியில் விட்ட அன்று இரவே அது சாப்பிடவில்லை. மறுநாள் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. உடம்பெல்லாம் கோழை கட்டியது. அதற்கு மறுநாள் செத்துவிட்டது.

எல்லப்பனிடம் போய்ச் சொன்னேன். அவர் பானையிலிருந்து இன்னொன்று எடுத்துக் கொடுத்தார். அதுவும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததுதான். அது ஒரே நாளில் செத்தது.

இன்ஜினியர் சார் அன்றைக்குச் சிரிக்கவில்லை. “விட்டுடலாம்பா. அதுங்க இருக்கிற இடத்துல இருக்கட்டும். பாவம்” என்றார். முதலாளி கடையில் எல்லார் முன்னாலும், “உனக்கு எதுக்குடா கடல் வேலை?” என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தொட்டி சரி, தண்ணீர் சரி, மீட்டர் சரி. அப்படியென்றால் மீன்தான் சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஆனால் அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

செத்த அஞ்சாளையைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பினேன். நான் போன நேரம் கட்டுமரங்கள் கரையேறி, மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. அத்தனை பேர் நடுவில் பொட்டலத்தை எல்லப்பன் காலடியில் போட்டேன்.

“சீக்கு மீனை என் தலையில கட்டறியா? தூண்டில்ல புடிச்சு, முள்ளு வயித்துல இருக்கறதக் குடுத்து ஏமாத்தறியா?”

“தூண்டில் இல்லணா. கூண்டுல புடிச்சது. என் புள்ள மேல சத்தியம்” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

“உன் சத்தியத்த நீயே வெச்சுக்கோ. திருட்டுப் பய!”

ஏலம் நின்றுவிட்டது. அவர் மனைவி கூடையோடு அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

அதோடு நான் நிறுத்தவில்லை. அந்த வாரமே ஜாடி கொடுக்கக் கல்லூரிக்குப் போனேன். “உங்க எல்லப்பன் எப்போ வர்றார்?” என்று புரொபசர் கேட்டார். “அந்த ஆள் வேணாம் சார், நம்ப முடியாது” என்றேன். அவ்வளவுதான். ஆறு வார்த்தை. புரொபசர் வேறு ஊர் ஆளுக்கு வேலையைக் கொடுத்துவிட்டார்.

4. மோர் ஊத்துவியா?

ஒரு மாதம் கழித்து, தொட்டியைக் கழற்றி எடுத்துவர இன்ஜினியர் சார் வீட்டுக்குப் போனேன். சௌந்தரம் அம்மா கிணற்றடியிலிருந்து ஒரு துணியோடு வந்தார். நான் தண்ணீர் வடிகட்டிய அதே வேட்டி.

“ஏம்பா முருகேசா, இதுல என்ன பச்சையா ஒட்டியிருக்கு? அஞ்சு தரம் துவைச்சும் போகல. சாயமா?”

“இல்லம்மா, கடல் தண்ணி.”

“கடல் தண்ணி உப்புதானே பூக்கும்? இது களிம்புல்ல! தண்ணிய எதுல வெச்சிருந்தே?”

“செம்பு அண்டாவுலம்மா. நல்லா புளி போட்டுத் தேச்சுட்டுத்தான்...”

“ஈயம் பூசினதா?”

“இல்லம்மா, வெறும் செம்பு.”

“ஈயம் பூசாத செம்புல மோர் ஊத்துவியா? ரசம் ஊத்துவியா? ஊறுகா போடுவியா? ஒரு ராத்திரி வெச்சாலே களிம்பு ஏறி வாந்தி எடுக்க வெச்சிடும். உப்புத் தண்ணிய பத்து நாள் வெச்சியாம், அதுவும் புளி போட்டுத் தேச்சு! உங்க வீட்ல பொம்பளைங்களே இல்லையா? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

ஹாலில் கைத்தடி தரையில் விழும் சத்தம் கேட்டது. இன்ஜினியர் சார் நெற்றியில் கை வைத்திருந்தார்.

“அந்தக் காலத்து மரக் கப்பலுக்கு அடியில செம்புத் தகடு அடிப்பாங்க. எதுக்குத் தெரியுமா? சிப்பி, பூச்சி எதுவும் ஒட்டாம இருக்க. செம்பு பட்டா அதுங்க செத்துடும். ட்ரெயினிங்ல முதல் வருஷம் படிச்சது. எனக்குத் தெரியும் முருகேசா. தெரிஞ்சும், தண்ணி எதுல இருந்துதுன்னு கேட்காம மீட்டரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்.”

அவர் தன்னைத்தான் திட்டிக்கொண்டார். ஆனால் எனக்குக் கண் முன் நின்றது ஏலக்கரையும், கூடையோடு நின்ற அந்த அம்மாவும்தான். நான் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்ததுதான் விஷத்தைத் திறந்துவிட்டிருந்தது.

கடைக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். அவர் சாதாரணமாக, “சும்மா வுடுப்பா. யார்னா வந்து கேட்டாங்களா? நீயா போயி தப்பு என்னுதுன்னு சொன்னா, நாளைக்குக் காலேஜ்ல நம்ம ஜாடியையும் சந்தேகப்படுவாங்க. அப்புறம் உன்னை வெச்சுக்கினு நான் என்ன பண்றது?” என்றார். அதில் மிரட்டலும் இருந்தது. எனக்கு இரண்டு பிள்ளைகள். மூன்று நாள் சும்மா இருந்து பார்த்தேன். சோறு இறங்கவில்லை.

5. ஏலக்கரை

நாலாம் நாள் போனேன். எல்லப்பன் வீட்டு வாசலில் கூண்டு பின்னிக்கொண்டிருந்தார். எப்போதும் “வாணா” என்பவர், “வாங்க” என்றார். அந்த மரியாதை என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

சொல்ல வந்ததை நான் ஆரம்பிக்கும் முன்பே எழுந்து, ஒரு பானையின் மேலிருந்த வலையை விலக்கினார். உள்ளே ஒரு சின்ன அஞ்சாளை. குச்சியில் நண்டுத் துண்டைக் காட்டியதும் தலையை நீட்டிக் கவ்விக்கொண்டது.

“உங்களுக்குக் குடுத்ததும் இதுவும் ஒரே கூண்டுல ஒரே நாள்ல புடிச்சது” என்றார். “தெனம் தண்ணி மாத்தி, தெனம் நண்டு போட்டு, ஒண்ணரை மாசமா வெச்சிருக்கேன். என்னிக்கின்னா வருவீங்க, காட்டலாம்னு. நீங்க போட்டுட்டுப் போனதையும் அறுத்துப் பாத்தேன். முள்ளு இல்ல.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்டா, புளி, களிம்பு எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றேன். அவர் கேட்டுக்கொண்டே வலையைப் பானைமேல் திரும்பக் கட்டினார்.

“என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்கு முன்னயே தெரியும், நான் ஏமாத்தலன்னு. அன்னிக்கு எங்க நின்னுக்கினு கத்துனீங்களோ, அங்க போயி சொல்லுங்க.”

மறுநாள் ஏல நேரம் வரை அங்கேயே இருந்தேன். கட்டுமரங்கள் வந்தன. கூட்டம் கூடியது. என் வாழ்க்கையில் மேடை ஏறிப் பேசியதில்லை. “எல்லப்பன் குடுத்த மீன்ல ஒரு குறையும் இல்ல. என் தண்ணியில விஷம் இருந்தது. நான்தான் கொன்னேன். அன்னிக்கு நான் சொன்னது பொய்” என்று சொல்லி முடித்தேன். யாரோ ஒரு கிழவர், “சத்தமா சொல்லு, காது கேக்கல” என்றார். இன்னொரு தடவை சொன்னேன். எல்லப்பனின் மனைவி மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் கை நின்றிருந்தது.

கல்லூரிக்கும் போய்ச் சொன்னேன். புரொபசர் நல்ல மனிதர். “நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம். ஆனா இந்த வருஷத்துக்கு வேற ஆளுக்கு எழுதிக் கொடுத்தாச்சே. பார்ப்போம்” என்றார். முதலாளி பத்து நாள் என்னோடு பேசவில்லை, வேலையை விட்டும் அனுப்பவில்லை.

இன்ஜினியர் சார் தொட்டியைக் கழற்ற வேண்டாம், இன்னொரு தடவை பார்ப்போம் என்றார். அந்த ஒன்றரை மாத அஞ்சாளையை எல்லப்பன் என்னிடம் தரவில்லை. “தண்ணிய நான் பாத்துட்டுத்தான் வுடுவேன்” என்று பானையோடு அவரே பஸ் ஏறி, வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் வந்தார். புதுத் தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தார். நாக்கில் வைத்துத் துப்பினார். தண்ணீர் இருந்த மண் தொட்டியை எட்டிப் பார்த்தார். மூடியைத் தூக்கிப் பார்த்து, மேலே வைக்க இரண்டு கல் கொண்டுவரச் சொன்னார். அப்புறம்தான் விட்டார். சௌந்தரம் அம்மா அவருக்குக் காபி கொடுத்து, மீனைவிட அவரிடம்தான் அதிகம் பேசினார். அந்த அஞ்சாளை ஆறு வருடம் இருந்தது. இன்ஜினியர் சார் காலமான பிறகும் இருந்தது. கடைசி இரண்டு வருடம் அதற்கு நண்டு கொடுத்தது, அந்தச் சுத்த சைவ அம்மாதான்.

ஆகவே விலாங்கு வாங்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பல் மொக்கையா என்று பார். இரண்டு முழத்துக்குமேல் வளராத ஜாதியா என்று கேள். விற்பவன் கையால் உன் கண் முன் சாப்பிட்டால்தான் வாங்கு. மூடி மேல் கல் வை. செம்பு, பித்தளை எதையும் தண்ணீர் பக்கம் கொண்டு போகாதே. அத்தனையும் செய்த பிறகும் மீன் செத்தால், வாய் திறக்கும் முன் உன் பாத்திரத்தை உன் வீட்டுப் பெண்களிடம் காட்டு.

அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் கல்லூரி வேலை அந்த வேறு ஊர் ஆளுக்குத்தான் போனது. ஒழுங்காகக் கொண்டுவருகிறவரை ஏன் மாற்றுவார்கள்? மழை மாதங்களில் நான் குப்பத்துக்குப் போகும்போது கட்டுமரங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். எல்லப்பன் திரும்பவும் என்னை “வாணா” என்றுதான் கூப்பிட்டார். காலேஜ் வேலை என்ன ஆச்சு என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.